எதிரில் இருந்தது கண்ணில் பட்ட ஆண்டு

கண் இருப்பதனால் மட்டும் பார்வை வந்துவிடாது என்று நம் பெரியவர்கள் காலங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். நாமும் தலையாட்டிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். அந்தச் சொல்லின் பொருளை ஒரு தேசமே பட்டுத் தெரிந்துகொள்ளத் தொடங்கிய ஆண்டு ஒன்று உண்டு. 1787. இடம், இங்கிலாந்து.

அந்த ஆண்டில் பெரும்போர் நடக்கவில்லை. அரசர் மாறவில்லை; மூன்றாம் ஜார்ஜ்தான் அரியணையில் இருந்தார். அமெரிக்கக் குடியேற்றங்களைப் பறிகொடுத்த வருத்தம் மெல்ல ஆறிக்கொண்டிருந்தது. பிரெஞ்சுப் புரட்சி வெடிக்க இன்னும் இரண்டு ஆண்டுகள் இருந்தன. சரித்திரப் பாடத்தில் கொட்டை எழுத்தில் வருகிற ஆண்டு இல்லை அது. ஆனாலும் அகவாழ்வில் அக்கறை உள்ளவர்கள் அந்தப் பன்னிரண்டு மாதங்களின் ஊடே ஒருமுறை நிதானமாக நடந்து வரலாம். நம்மைப் பற்றியே சில செய்திகள் அங்கே கிடைக்கும்.

ஜனவரி 11-ஆம் தேதி இரவு. ஸ்லாவ் என்ற ஊரில் வில்லியம் ஹெர்ஷல் தன் இருபது அடி நீளத் தொலைநோக்கியோடு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு ஆண்டுகளுக்கு முன் யுரேனஸ் கோளைக் கண்டுபிடித்தவர் அவர். அதற்கு முன் இசைக் கலைஞராக வயிறு வளர்த்தவர். அவருடைய தொலைநோக்கியின் அடியில் ஒரு பெரிய உலோக ஆடி இருந்தது. வானிலிருந்து வரும் ஒளி அதில் பட்டு மேலே திரும்பும். குழாயின் வாயருகே இருந்த ஒரு சிறிய ஆடி அந்த ஒளியைப் பக்கவாட்டில் திருப்பிக் கண்ணுக்கு அனுப்பும். அந்தக் காலத்து உலோக ஆடிகள் தம்மேல் பட்ட ஒளியில் கணிசமான பங்கை விழுங்கிவிடும். ஹெர்ஷல் அந்தச் சிறிய ஆடியைக் கழற்றி வைத்துவிட்டார். பெரிய ஆடியைச் சற்றே சாய்த்து, குழாயின் வாயிலிருந்து நேராக உள்ளே பார்த்தார். மங்கலாக இருந்தவை துலங்கின. யுரேனஸின் அருகில் இரண்டு ஒளிப்புள்ளிகள் தெரிந்தன. அவை அந்தக் கோளின் இரண்டு நிலவுகள்.

அந்த நிலவுகள் அன்றைக்குப் பிறந்தவை அல்ல. மனிதன் தோன்றும் முன்பே அங்கே சுற்றிக்கொண்டிருந்தவை. நடுவில் நின்று ஒளியைத் தின்றுகொண்டிருந்த ஒன்றை எடுத்ததும் கண்ணில் பட்டன, அவ்வளவுதான். அந்த ஆண்டில் இங்கிலாந்தில் நடந்த மற்ற காரியங்களையும் இந்த ஒரு செயலை மனத்தில் வைத்துக்கொண்டே பார்க்கலாம்.

ஹெர்ஷல் பல கோடி மைல் தொலைவில் இருந்ததைக் கண்டுகொண்ட அதே நாட்டில், துறைமுகத்துக் கல்படியில் நின்றாலே தெரிகிற ஒன்றை ஊர் முழுவதும் பார்க்காமல் இருந்தது. லிவர்பூல், பிரிஸ்டல், லண்டன் துறைமுகங்களிலிருந்து கப்பல்கள் துணியும் துப்பாக்கியும் உலோகச் சாமான்களும் ஏற்றிக்கொண்டு மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போகும். அங்கே சரக்கை இறக்கிவிட்டு மனிதர்களை ஏற்றும். அட்லாண்டிக் கடலைத் தாண்டி ஜமைக்கா, பார்படோஸ், கிரெனடா போன்ற தீவுகளில் அவர்களை விற்கும். சர்க்கரையும் ரம்மும் ஏற்றிக்கொண்டு ஊர் திரும்பும். ஆண்டுதோறும் பல்லாயிரம் உயிர்கள் இப்படிக் கடல் கடந்தன. எதுவும் மறைவாக நடக்கவில்லை. கப்பல்களின் பெயர்கள் செய்தித்தாளில் வந்தன. பங்கு போட்டவர்கள் ஞாயிறு தவறாமல் தேவாலயத்துக்குப் போனார்கள். அந்தச் சர்க்கரை ஒவ்வொரு வீட்டுத் தேநீரிலும் கரைந்தது.

ஒளிக்கும் கண்ணுக்கும் நடுவே நின்ற ஆடியை இங்கே ஆதாயம் என்று சொல்லலாம். பழக்கம் என்றும் சொல்லலாம். பக்தியும்கூட அப்படி நடுவில் நின்றதுண்டு என்பதுதான் நாம் ஆழ்ந்து யோசிக்க வேண்டிய இடம். அதற்கு ஜான் நியூட்டனின் வாழ்க்கை சாட்சி.

நியூட்டன் 1725-இல் பிறந்தவர். இளம் வயதிலேயே கடலோடியானார். 1748 மார்ச் மாதம், நடு அட்லாண்டிக்கில் அடித்த புயலில் அவர் வந்த கப்பல் உடைந்து தண்ணீர் உள்ளே பாய்ந்தது. மணிக்கணக்காக நீரை இறைத்துக்கொண்டிருந்த அந்த முரட்டு மனிதர் கடவுளின் இரக்கத்தை வேண்டினார். கப்பல் கரை சேர்ந்தது. அந்த நாளை ஆயுள் முழுக்க நன்றியோடு நினைத்துக்கொண்டார். வாய் துடுக்கை விட்டார். வேதம் படிக்கத் தொடங்கினார்.

அதற்குப் பிறகுதான் அவர் அடிமைக் கப்பலின் தலைவரானார். 1750 முதல் 1754 வரை மூன்று பயணங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் மேல்தளத்தில் மாலுமிகளைக் கூட்டி வழிபாடு நடத்துவார். கீழ்த்தளத்தில் விலங்கு மாட்டிய மனிதர்கள் நெருக்கியடித்துக் கிடப்பார்கள். கிளர்ச்சிக்கு உடந்தை என்று சந்தேகப்பட்ட சிறுவர்களின் கட்டைவிரலில் திருகாணிக் கிடுக்கியை மாட்டி உண்மையை வரவழைத்ததை அவரே தன் கப்பல் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். மனம் உறுத்தியதாக அந்தக் குறிப்பில் எதுவும் இல்லை. கடைசியில் அவர் கடல்தொழிலை விட்டதற்கும் உடல்நலக் குறைவுதான் காரணம்.

அந்த மனிதர் பாசாங்குக்காரர் என்று ஒதுக்கிவிட்டால் நமக்கு வேலை எளிது. ஆனால் அவருடைய ஜெபம் பொய்யில்லை. கண்ணீர் பொய்யில்லை. 1764-இல் போதகரானார். ஓல்னி என்ற ஊரில் ஏழை எளியவர்களுக்கு நடுவே உழைத்தார். 1773 புத்தாண்டு வழிபாட்டுக்காக அவர் எழுதிய ‘அமேசிங் கிரேஸ்’ பாடல் இன்று உலகம் முழுக்க ஒலிக்கிறது. கடவுளின் அருளால் பார்வை பெற்றதைக் கொண்டாடும் பாடல் அது. அதை எழுதியபோது, தான் விலங்கு மாட்டிய மனிதர்களைப் பற்றி அவர் வெளியில் வாய் திறக்கவில்லை. இன்னும் பதினைந்து ஆண்டுகள் திறக்கவும் இல்லை. மனம் மேலே பார்க்கக் கற்றுக்கொண்டுவிட்டது. பக்கத்தில் பார்க்க இன்னும் கற்றுக்கொள்ளவில்லை.

பக்தியின் பாதையில் நடக்கிற யாருக்கும் இந்தச் செய்தி ஆறுதலும் தரும், அச்சமும் தரும். ஒருமுறை மனம் திரும்பிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைக்கிறோம். மனம் திரும்பியது தொடக்கம்தான். ஒரு கதவு திறந்த பிறகும் அதே வீட்டில் வேறு அறைகள் பல ஆண்டுகள் பூட்டியே கிடக்கும்.

வேறொருவருக்குப் பார்வை வேறு விதமாக வந்தது. தாமஸ் கிளார்க்சன் கேம்பிரிட்ஜ் மாணவர். 1785-இல் பல்கலைக்கழகத்தின் லத்தீன் கட்டுரைப் போட்டிக்குத் துணைவேந்தர் பீட்டர் பெக்கார்ட் ஒரு தலைப்புக் கொடுத்தார்: ஒருவரை அவர் விருப்பத்துக்கு மாறாக அடிமையாக்குவது நியாயமா? பரிசு வாங்க வேண்டும் என்ற ஆசையோடுதான் கிளார்க்சன் எழுத உட்கார்ந்தார். படிக்கப் படிக்கத் தூக்கம் போயிற்று. பரிசும் கிடைத்தது. கட்டுரையைச் சபையில் வாசித்துவிட்டு, குதிரையேறி லண்டனுக்குப் புறப்பட்டார்.

ஹெர்ட்போர்ட்ஷயரில் வேட்ஸ்மில் என்ற ஊர் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் அவரால் மேலே போக முடியவில்லை. இறங்கி, குதிரையைக் கையில் பிடித்தபடியே, சாலையோரப் புல்தரையில் மனம் கலங்கி உட்கார்ந்துவிட்டார். தான் எழுதியது உண்மையென்றால் யாராவது ஒருவர் இதற்கு முடிவு கட்டியாக வேண்டுமே என்ற எண்ணம் அங்கே வந்தது என்று பின்னாளில் அவரே எழுதினார். அப்போது அவருக்கு வயது 25. தரிசனம் எதுவும் கிடைக்கவில்லை, அசரீரி கேட்கவில்லை. தன் எழுத்துக்குத் தானே பொறுப்பேற்க வேண்டும் என்பது மட்டும் தெரிந்தது. ஆன்மிகம் ஒரு மனிதனுக்குள் இறங்குகிற தருணம் பெரும்பாலும் இப்படித்தான் எளிமையாக இருக்கிறது.

அதே ஆண்டின் இறுதியில் லண்டனில் இன்னொரு இளைஞர் தவித்துக்கொண்டிருந்தார். வில்லியம் வில்பர்போர்ஸ் யார்க்ஷயரின் நாடாளுமன்ற உறுப்பினர். பேச்சாற்றல் மிக்கவர், செல்வர், பிரதமர் வில்லியம் பிட்டின் உயிர்நண்பர். கடவுளை நாடத் தொடங்கிய மனம் அரசியலை விட்டுவிடச் சொன்னது. அவர் யாரைத் தேடிப் போனார் தெரியுமா? நியூட்டனை. அப்போது நியூட்டன் லண்டனில் செயின்ட் மேரி வுல்நாத் தேவாலயத்தின் போதகர். யாராவது பார்த்துவிடப் போகிறார்கள் என்ற கூச்சத்தில், நியூட்டன் வீடிருந்த சதுக்கத்தை வில்பர்போர்ஸ் சுற்றிச் சுற்றி வந்துவிட்டுத்தான் கதவைத் தட்டினார். அரசியலை விட வேண்டாம், இருக்கிற இடத்திலேயே கடவுளுக்குப் பணி செய்யலாம் என்று முதியவர் சொல்லி அனுப்பினார். காட்டுக்குப் போகத் துடித்தவரைச் சபைக்கே திருப்பி அனுப்பிய அறிவுரை அது.

இனி 1787 மே மாதத்துக்கு வருவோம். அந்த ஒரு மாதத்துக்குள் எத்தனை காரியங்கள் நடந்திருக்கின்றன என்று பார்த்தால் வியப்பாக இருக்கிறது.

மே 10. இந்தியாவில் வங்காளத்தின் தலைமை ஆளுநராக இருந்து திரும்பிய வாரன் ஹேஸ்டிங்ஸ் மீது நாடாளுமன்ற உறுப்பினர் எட்மண்ட் பர்க் மக்கள் சபையின் பெயரால் பிரபுக்கள் சபையில் குற்றம் சாட்டினார். தொலைவில் இருக்கும் மக்களுக்கு இழைத்த அநீதிக்கு இங்கே பதில் சொல்லியாக வேண்டும் என்ற குரல் அந்தச் சபையில் ஒலித்தது. ஆற்காட்டு நவாபின் கடன்களைப் பற்றியும் கர்நாடகப் பகுதி மக்கள் பட்ட பாட்டைப் பற்றியும் அதே பர்க் இரண்டு ஆண்டுகளுக்கு முன் பேசியிருந்தார். ஹேஸ்டிங்ஸ் வழக்கு ஏழு ஆண்டுகளுக்கு மேல் இழுத்து, 1795-இல் விடுதலையில் முடிந்தது.

மே 12. கென்ட் பகுதியில் ஹோல்வுட் என்ற இடத்தில் ஒரு முதிய கருவாலி மரத்தடியில் மூன்று நண்பர்கள் உட்கார்ந்து பேசினார்கள். பிட், வில்பர்போர்ஸ், வில்லியம் கிரென்வில். மூவருக்குமே அப்போது வயது 27. அடிமை வணிகத்தை ஒழிக்கும் தீர்மானத்தை நீயே கொண்டு வரலாமே என்று பிட் தூண்டினார். வில்பர்போர்ஸ் ஒப்புக்கொண்டார்.

மே 13. மறுநாளே போர்ட்ஸ்மவுத்திலிருந்து 11 கப்பல்கள் ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டன. அவற்றில் 700-க்கும் மேற்பட்ட கைதிகள் இருந்தார்கள். பலர் சில்லறைத் திருட்டுக்காகத் தண்டிக்கப்பட்டவர்கள். போய்ச் சேர்ந்த மண்ணில் காலங்காலமாக வாழ்ந்த மக்களுக்கு அந்தக் கப்பல்கள் என்ன கொண்டுவரும் என்று லண்டனில் யாரும் கேட்கவில்லை. ஒரு கண் திறக்கிற வாரத்திலேயே இன்னொரு கண் மூடியிருக்கலாம். தனி மனிதனுக்கும் இதுதான் நிலை.

மே 22. லண்டனில் லொம்பார்ட் தெருவை ஒட்டிய ஜார்ஜ் யார்டு. ஜேம்ஸ் பிலிப்ஸ் என்ற பதிப்பாளரின் அச்சகத்தில் 12 பேர் கூடி, அடிமை வணிக ஒழிப்புக்கு ஒரு குழு அமைத்தார்கள். பன்னிரண்டு பேரில் ஒன்பது பேர் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர். மற்ற மூவரில் ஒருவர் கிளார்க்சன். இன்னொருவர் கிரான்வில் ஷார்ப். எசமானனின் கையால் அடிபட்டு லண்டன் தெருவில் தள்ளப்பட்ட ஜொனாதன் ஸ்ட்ராங் என்ற இளைஞனை 1765-இல் காப்பாற்றப் போய், பிறகு சட்டம் படித்து இப்படிப்பட்டவர்களுக்காக வழக்காடியவர். நியூட்டனின் தேவாலயமும் அதே லொம்பார்ட் தெருவில்தான் இருந்தது. கூட்டம் நடந்த அச்சகத்திலிருந்து நடந்தால் சில நிமிடங்கள்.

குவேக்கர்களின் வழிபாட்டைச் சற்று நின்று பார்க்க வேண்டும். அவர்களுடைய கூடத்தில் பீடம் இல்லை, பூசாரி இல்லை, பாட்டு இல்லை. பலகைகளில் அமர்ந்து மௌனமாக இருப்பார்கள். உள்ளிருந்து உந்துதல் வந்தால் யாரும் எழுந்து சில சொற்கள் பேசலாம். வராவிட்டால் மௌனத்தோடே கலைவார்கள். எல்லா மனிதருக்குள்ளும் கடவுளின் ஒளி இருக்கிறது என்பது அவர்கள் நம்பிக்கை. அந்த நம்பிக்கையை மௌனத்தில் வைத்து மெல்லும்போது ஒரு கேள்வி எழாமல் இருக்காது: ஒளி உள்ள ஒருவரை விலை பேசுவது எப்படி? அவர்களிலும் முன்பு அந்த வணிகத்தில் கைநனைத்தவர்கள் இருந்தார்கள். பல ஆண்டுகள் தங்களுக்குள் வாதாடி, 1761-இல் அந்த வணிகம் செய்கிறவர்களைத் தங்கள் சபையிலிருந்து விலக்கத் தீர்மானித்தார்கள். 1783-இல் நாடாளுமன்றத்துக்கு மனு அனுப்பினார்கள். முதலில் தன் வீடு, பிறகு ஊர் என்பதுதான் அவர்கள் வரிசை. மௌனம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஜார்ஜ் யார்டின் அந்த மேசையைக் காட்டலாம்.

இதுவரை சொன்னதெல்லாம் பார்த்தவர்களின் கதை. பார்க்கப்படாமல் இருந்தவர்களுக்கும் கண்ணும் வாயும் உண்டு. அதே 1787-இல் லண்டனில் ஒட்டோபா குகோவானோ ஒரு நூல் வெளியிட்டார். இன்றைய கானா நாட்டின் கடற்கரைப் பகுதியில் பிறந்தவர். சிறுவனாக மற்றப் பிள்ளைகளோடு காட்டில் பழம் பறிக்கவும் பறவை பிடிக்கவும் போன இடத்தில் கடத்தப்பட்டார். கிரெனடாவில் கரும்புத் தோட்ட அடிமையாக இருந்து, 1772-இல் இங்கிலாந்துக்குக் கொண்டுவரப்பட்டு, விடுதலை அடைந்து, ரிச்சர்ட் காஸ்வே என்ற ஓவியரின் வீட்டில் பணியாளராக இருந்தார். கிறிஸ்தவராகித் திருமுழுக்குப் பெற்றவர். ஜார்ஜ் யார்டில் அமைந்த குழு, அடிமை வணிகத்தை மட்டும் நிறுத்தக் கேட்டது. அடிமைமுறையே அடியோடு போக வேண்டும் என்று குகோவானோ எழுதினார். எதிர்த்துப் பேசாத ஒவ்வொருவருக்கும் இந்தப் பாவத்தில் பங்கு உண்டு என்றும் எழுதினார். வேதத்தை வரிவரியாகப் படித்து, அதைக் கொடுத்தவர்களிடமே அதன் பொருளைக் கேட்ட மனிதர் அவர்.

மட்பாண்டத் தொழிலதிபர் ஜோசையா வெட்ஜ்வுட் அதே ஆண்டில் ஒரு சிறு பதக்கம் செய்தார். விலங்கு பூட்டிய ஆப்பிரிக்கர் ஒருவர் முழந்தாளிட்டு, தானும் ஒரு மனிதன், ஒரு சகோதரன் இல்லையா என்று கேட்பதாக அதில் உருவம். ஆயிரக்கணக்கில் செய்து இலவசமாகக் கொடுத்தார். பெண்கள் அதைக் கைவளையிலும் கொண்டை ஊசியிலும் பதித்து அணிந்தார்கள். நல்ல காரியம்தான். ஆனாலும் அந்த உருவம் கையேந்தி மண்டியிட்டிருக்கிறது. குகோவானோவின் நூலைத் திறந்தால் அவர் நிமிர்ந்து நிற்கிறார். இரக்கப்படுகிறவன் மேலே இருந்துகொண்டு கீழே பார்த்தால், அந்தப் பார்வையிலும் ஒளி பாதிதான் வந்து சேரும்.

கிளார்க்சன் அந்தக் கோடையில் ஆதாரம் தேடிக் குதிரையில் புறப்பட்டார். பிரிஸ்டலில் மாலுமிகளின் விடுதிகளில் இரவிரவாக அலைந்தார். லிவர்பூலில் ஒரு கடைச் சன்னலில் சில பொருட்கள் விற்பனைக்கு வைத்திருப்பதைக் கண்டு உள்ளே போனார். இரண்டு கைகளைச் சேர்த்துப் பூட்டும் விலங்கு. இருவர் கால்களைப் பிணைக்கும் விலங்கு. கட்டைவிரல் திருகாணிக் கிடுக்கி. இன்னொன்று என்னவென்று அவருக்குத் தெரியவில்லை. இரண்டு கூர்முனைகள் கொண்ட, திருகினால் அகலும் ஒரு கருவி. கடைக்காரர் விளக்கினார்: தாடை இறுகும் நோய்க்கு மருத்துவர்கள் பயன்படுத்துவது இது. சாப்பிட மறுத்து உயிர்விடத் துணியும் அடிமைகளின் வாயைப் பிளந்து உணவு ஊட்டவும் கப்பல்காரர்கள் வாங்கிப் போகிறார்கள். கிளார்க்சன் அவற்றை விலைகொடுத்து வாங்கிப் பத்திரப்படுத்தினார்.

அந்தக் கடைக்காரர் கெட்டவராகத் தெரியவில்லை. கேட்டதற்குப் பொறுமையாகப் பதில் சொன்ன ஒரு வியாபாரி. தினமும் கடை திறந்து, அந்தக் கருவியைத் துடைத்து சன்னலில் வைத்து, மாலையில் கடை அடைத்து வீட்டுக்குப் போனவர். தீமை பெரும்பாலும் இப்படிச் சாதுவாக, விலைச்சீட்டோடு, கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது. அதனால்தான் அதைப் பார்க்க அருள் தேவைப்படுகிறது.

அக்டோபர் 28, ஞாயிற்றுக்கிழமை. மான்செஸ்டரின் பெரிய தேவாலயத்தில் கிளார்க்சன் பிரசங்கம் செய்தார். உள்ளே நுழையவே முடியாதபடி கூட்டம். மேடையைச் சுற்றி நாற்பது ஐம்பது கறுப்பின மக்கள் நின்றுகொண்டிருந்ததை அவர் குறிப்பிட்டிருக்கிறார். அந்நியனை ஒடுக்காதே என்ற யாத்திராகமக் கட்டளையை வைத்துப் பேசினார். ஆப்பிரிக்க வணிகத்துக்குத் துணி அனுப்பிச் சம்பாதித்த ஊர் மான்செஸ்டர். அந்த ஊரே ஆண்டு முடிவதற்குள் 10,000-க்கும் மேற்பட்ட கையெழுத்துகளோடு அந்த வணிகத்துக்கு எதிராக மனு எழுதியது. தன் ஆதாயத்துக்கு எதிராகத் தானே கையெழுத்துப் போடுவதைத் தவம் என்று சொல்லலாம்.

அதே அக்டோபர் 28 அன்று வில்பர்போர்ஸ் தன் நாட்குறிப்பில், கடவுள் தன்முன் வைத்திருக்கும் இரண்டு பெரும் பணிகளில் ஒன்று அடிமை வணிகத்தை ஒழிப்பது என்று எழுதிக்கொண்டார். ஒருவருக்கு ஜனத்திரள் நடுவே, ஒருவருக்குத் தனியறையில். அழைப்பு ஒன்றுதான்.

ஆண்டு முடிந்து சில நாட்களில், 1788 ஜனவரியில், நியூட்டன் வாய் திறந்தார். அடிமை வணிகத்தில் தான் கண்டதையும் செய்ததையும் ஒரு சிறு நூலாக வெளியிட்டார். மிகத் தாமதமாக வரும் ஒப்புதல் இது என்று அவரே அதில் வருந்தியிருக்கிறார். கடைசிப் பயணம் முடிந்து 34 ஆண்டுகள் ஆகியிருந்தன. அவருக்கு வயது 62. பிறகு விசாரணைக் குழுக்களின் முன்னும் போய்ச் சாட்சி சொன்னார். அந்தச் சாட்சியத்துக்குத் தனி எடை இருந்தது. கப்பலின் கீழ்த்தளத்தைப் பற்றிக் கேள்விப்பட்டுச் சொன்னவர் அல்ல அவர். அங்கே பூட்டைப் பூட்டியவர். தன்னுடைய பாவமே தன்னுடைய பணிக்குக் கருவியாவதை அந்த முதுமையில் அவர் அனுமதித்தார்.

பலன் என்ன ஆயிற்று? மெதுவாக வந்தது. 1791-இல் தீர்மானம் 163-க்கு 88 என்று தோற்றது. 1796-இல் நான்கே வாக்குகளில் தோற்றது. ஆதரவாளர்கள் சிலர் அன்றிரவு இசைநாடகம் பார்க்கப் போயிருந்தார்கள். எதிரிகளின் வன்மம் தடுத்ததைவிட, நண்பர்களின் அசட்டை தடுத்தது அன்று. 1807-இல் 283-க்கு 16 என்று வென்றது. மரத்தடியில் இருந்த மூவரில் பிட் முந்தைய ஆண்டே இறந்துவிட்டார். கிரென்வில்தான் அப்போது பிரதமர். அடிமை வணிகம் சட்டத்தால் ஒழிந்த அதே ஆண்டு டிசம்பரில் நியூட்டன் கண்மூடினார். அடிமைமுறையையே ஒழிக்கும் சட்டம் 1833-இல் வந்தது. அது நிறைவேறும் நிலைக்கு வந்த செய்தியைக் கேட்டுவிட்டு, சில நாட்களில் வில்பர்போர்ஸ் இறந்தார்.

அந்தச் சட்டத்திலும் பாதி இருள் இருந்தது. இரண்டு கோடி பவுண்டு இழப்பீடு உடைமையாளர்களுக்குப் போயிற்று. விடுதலையானவர்களுக்கு ஒரு காசு இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பகுதிகளும் இலங்கையும் அந்தச் சட்டத்துக்கு வெளியே விடப்பட்டன. இந்தியாவுக்கென்று சட்டம் வர 1843 ஆயிற்று. மொரீஷியஸ் தீவில் அடிமைகள் விடுதலையானதும், அவர்கள் விட்ட கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக இந்தியாவிலிருந்து ஆட்களைக் கொண்டுபோனார்கள். நம் தமிழ் மாவட்டங்களின் ஏழைகள் பலர் அப்படிக் கப்பலேறினார்கள். ஒரு ஆடியைக் கழற்றினால் அங்கே வேறொன்றைப் பொருத்த மனம் வழி கண்டுபிடித்துவிடுகிறது.

ஆகவே பார்வை என்பது ஒருமுறை பெற்று, பத்திரமாகப் பெட்டியில் வைத்துக்கொள்ளும் பொருள் இல்லை. அன்றன்றைக்குச் செய்யும் பூசையைப் போல அன்றன்றைக்கு வேண்டிப் பெறுவது. நியூட்டனுக்கு நேர்ந்தது நமக்கும் நேரும். நம் ஜெபம் மெய்யாக இருக்கும். விரதம் மெய்யாக இருக்கும். கோயிலில் கண்ணீர் மல்கியதும் மெய்யாக இருக்கும். அதே நேரத்தில், நம் வசதிக்காக எங்கோ ஒருவர் குனிந்திருப்பது நம் கண்ணில் படாமலே இருக்கும். நம் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பின்னாளில் நம்மைப் பார்த்து, இது இவர்களுக்குத் தெரியாமலா இருந்தது என்று கேட்பார்கள்.

அந்தக் கேள்வியை இன்றே நாமே கேட்டுக்கொள்ளலாம். இரவு பிரார்த்தனை முடிந்ததும் சில நிமிடங்கள் சும்மா உட்காருங்கள். காலையிலிருந்து உங்கள் கைக்கு வந்த பொருட்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பாருங்கள். உடுத்திய துணி, குடித்த தேநீர், கூட்டிச் சுத்தமான தெரு. அவற்றின் பின்னால் இருக்கும் முகம் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாத இடத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். அங்கேதான் ஏதோ ஒன்று குறுக்கே நிற்கிறது. மறுநாள் அந்த ஒருவரைத் தேடிப் போய்ப் பெயர் கேளுங்கள். கூலி ஒழுங்காகக் கிடைக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால், உங்கள் கையால் ஆகக்கூடிய ஒரு காரியத்தை அன்றைக்கே செய்யுங்கள். நியூட்டனைப் போல 34 ஆண்டுகள் காத்திருக்க வேண்டாம்.